கொசுறுக்கு ஒரு கிளி

ஆகஸ்ட் 27, திங்கள்

காலையிலேயே அனல். ஷெட்டுல ஃபேன் சுத்துது, காத்துதான் வரல. கொலு பொம்மை பேக்கிங். வைக்கோல் தூசி மூக்குல ஏறி ஓயாத தும்மல். செட்டியார் பொம்மை ஒண்ணுக்கு மூக்கு போச்சி. அண்ணிகிட்ட ஒதுக்கிக் குடுத்தாச்சி.

ரா. சார் சரின்னுட்டாரு!! எத்தினி நாளா கெஞ்சுனது. இன்னையிலேருந்து ஞாயித்துக்கிழமை சாயந்திரம் வரைக்கும் 'ஏழூர் சந்தை'யில நான் புரோகிராம் எழுதுன யாவாரிங்கள ஓட விடலாம்.

பின்னாடி எப்பனா எடுத்துப் படிச்சா எனக்கே புரியணும், அதனால வெளக்கமா எழுதி வைக்கிறேன். ஏழூர் சந்தை ஆன்லைன் கேமு. படம் கெடையாது, எல்லாம் எழுத்துதான். ஏழு ஊரு. ஆடுறவங்க உள்ள வந்து வாங்கி, வித்து, வண்டி கட்டிப் பொழைக்கணும். நடத்துறது ராகவன் சாரு. சிங்கப்பூர்ல இருக்காரு, நேர்ல பாத்ததில்ல, எல்லாம் மெயிலும் சாட்டும்தான். ஊருக்கு ஊரு கடை வச்சிருக்கிறது மனுசங்க இல்ல, கம்ப்யூட்டர் ஓட்டுற யாவாரிங்க. ஆடுற பசங்க அதுங்களுக்கு வச்ச பேரு 'பொம்மை'. சரியாத்தான் வச்சிருக்கானுங்க. எப்ப போனாலும் அதே வெல, அதே சரக்கு. மூட்ட மூட்டையா உப்ப கொண்டுபோயி கொட்டுனாலும் மூஞ்சி மாறாம வாங்கிக்கும். அதனால எல்லாரும் உப்பளத்துல உப்பு வாங்குறாங்க, மலையடியில விக்கிறாங்க, மறுபடி உப்பளம், மறுபடி மலையடி. செக்குமாடு தோத்துது.

ஏழாவது ஊரு கள்ளிமேடு. நான் கட்டுனது. தெரு, கொளம், சூளை, பானை ஜாடி விக்கிற ஒரு பொம்பள, கொளத்தங்கரையில ஒரு நொண்டி நாயி, எல்லாம் நான் ஒக்காந்து ஒக்காந்து எழுதுனது. ஒரு ஈ காக்கா வர்றதில்ல. ரா. சார் இன்னைக்கு சாட்டுல அடிச்சது:

"வசந்தி, ஞாயிறு வரைக்கும் பாப்பேன். உன் யாவாரிங்க சரியா வரலன்னா பழைய பொம்மைங்களயே வச்சிடுவேன். கள்ளிமேட்டயும் மேப்புலேருந்து எடுத்துடுவேன். சும்மா எடத்த அடைச்சிக்கிட்டு கெடக்குது."

"ஏழூர்ல ஒண்ணு போனா ஆறூர் சந்தைன்னு போர்ட மாத்துவீங்களா சார்?"

அதுக்கு ஒரு சிரிப்பு பொம்மையாவது போட்டிருக்கலாம்.

எடுத்துடுவாராம்! இந்த ஷெட்டுல நான் செஞ்ச பொம்மை எல்லாம் எவன் எவன் வூட்டுக்கோ போயிடுது. எனக்குன்னு நின்னது அந்த ஊரு ஒண்ணுதான். வுட மாட்டேன்.

வேல:
– கடையில சரக்கு தீந்தா தீந்ததுதான். கம்ப்யூட்டர்னு சும்மா சுரக்கக் கூடாது
– சரக்கு கொறஞ்சா வெல ஏறணும், குமிஞ்சா எறங்கணும்
– யாவாரிங்க குந்துன எடத்துலயே குந்தியிருக்காம வண்டி கட்டி ஊரு ஊரா போவணும்
– அண்ணனுக்கு டீலருங்க அட்ரஸ் டைப் அடிக்கணும் (மறந்தா திட்டு)

ஆகஸ்ட் 28, செவ்வாய்

மேகம் மூடிக்கிட்டு கெடக்குது, மழ இல்ல. புழுக்கம்.

ஓடுதுடா சாமி, ஓடுது! காலையில மலையடியில எல்லாரும் வழக்கம் போல உப்பக் கொட்டுனாங்க. உப்பு வெல எறங்குச்சி. தானா! நான் கையே வைக்கல. அப்புறம் உப்பளத்துல உப்பு கொறஞ்சதும் அங்க ஏறுச்சி. கத்திட்டேன் போலிருக்குது, அண்ணி அடுப்படியிலேருந்து கரண்டியோட ஓடியாந்தாங்க.

"இன்னாடி, ஷாக் அடிச்சிடிச்சா?"

"இல்ல அண்ணி, உப்பு வெல எறங்கிடிச்சி!"

"எங்க? நம்ம தெருக்கடையிலயா?"

வெளக்குனேன். பாதி கேட்டாங்க, பாதியில கொழம்பு அடி புடிக்கிற வாசன, ஓடிட்டாங்க.

மத்தியானம் – சந்தோசம் போச்சி. மலையடியில நெல்லு தீந்துபோயி வெல ஏறுச்சி. உடனே ஏழு ஊரு வண்டியும் நெல்ல ஏத்திக்கிட்டு மலையடிக்குத் திரும்பிடிச்சி. ஒரு வண்டி மிச்சமில்லாம! எல்லாம் ஒண்ணா போயி எறக்க, நெல்லு வெல பாதாளத்துக்குப் போச்சி. அதுக்குள்ள எண்ணெயூர்ல எண்ணெய் இல்லன்னு நியூஸு, அத்தன வண்டியும் ஒண்ணா அந்தப் பக்கம். மத்த ஊரு கடை எல்லாம் காலி. ஆடுறவங்க எழுதுனது:

"என்னங்கடா இது, ஊர்வலமா?"
"வண்டி எண்ணிக்கிட்டே படுத்தா தூக்கம் நல்லா வருது."
"பழைய பொம்மையே தேவல. கடையிலயாவது இருந்துது."

ரா. சார்: "வசந்தி, இது வியாபாரமா, தேரோட்டமா?"

கள்ளிமேட்டுப் பக்கம் ஒரு வண்டி எட்டிப் பாக்கல. எந்தச் சரக்குக்கும் அங்க ஒசந்த வெல வந்ததில்ல, எதுக்கு வரப்போறான்.

அழுவாச்சியா வருது. சோறு எறங்கல. அட்ரஸ் டைப் அடிக்க மறந்துட்டேன். திட்டு.

ஆகஸ்ட் 29, புதன்

வெயிலு. பொதுச் சூளை பிரிச்சாங்க.

எங்க பொம்மைத் தொழிற்பேட்டையில சின்ன ஷெட்டுக்காரங்க யாருக்கும் தனியா சூளை கெடையாது. எல்லாரும் அவங்கவங்க வேகாத பச்சைப் பொம்மைய ஆளுக்கு ஒரு நேரத்துல கொண்டாந்து பொதுச் சூளையில அடுக்குவாங்க. வெந்து ஆறுனதும் ஒண்ணா பிரிக்கிறது. நாங்களும் போனோம், நான், அண்ணன், அண்ணி. கதவத் தொறந்தா –

கிளி.

மேல் தட்டுல கிளி, கீழ்த்தட்டுல கிளி, பக்கத்து ஷெட்டு ஆறுமுகம் அண்ணன் தட்டுல கிளி, எங்க தட்டுல கிளி. எங்க பாத்தாலும் பச்சப்பசேல்னு மூக்க நீட்டிக்கிட்டு கிளி. பேனா வைக்கிற கிளி. மொதல்ல வாயத் தொறந்தது அண்ணிதான், "இன்னாங்க இது, சரணாலயமா?"

நடந்தது இதுதான். யாரோ ஒரு டீலரு ஆறுமுகம் அண்ணன்கிட்ட கிளி வேணும்னு கேட்டிருக்காரு. அவரு டீக்கடையில சொல்லிட்டாரு. டீக்கடையில சொன்னா பேட்டைக்கே சொன்ன மாதிரி. அப்புறம் அவரோட கிளி அச்சு கை மாற ஆரம்பிச்சிது. இங்க அச்சு கேட்டா இல்லன்னு சொல்லக் கூடாது, கறிவேப்பில கேட்டா குடுக்குற மாதிரி. சொல்லிட்டா அப்புறம் அந்த ஆளு பேட்டையில தல நிமுந்து நடக்க முடியாது. அந்த ஒரு அச்சு ஷெட்டு ஷெட்டா சுத்தி, எல்லாரும் அதயே ஊத்தி வச்சிருக்கோம். எங்க அண்ணனும்தான். டீலரு ஆறுமுகம் அண்ணன் கிளிய மட்டும் ஏத்திக்கிட்டு போய்ட்டாரு.

கிளி இல்லாத தட்டு ஒண்ணே ஒண்ணு. காதர் பாய் தட்டு. எப்பவும் போல ஊறுகா ஜாடி. இன்னொரு டீலரு லாரிய நிறுத்தி அம்புட்டையும் ஏத்திக்கிட்டாரு.

அண்ணன் போயி கேட்டாரு, "இன்னா பாய், உங்களுக்கு மட்டும் எப்படி தெரிஞ்சிது?"

"எனக்கு எங்கப்பா தெரிஞ்சிது? பொண்ணு கல்யாணத்துக்கு மங்கலம்பேட்டைல கெடந்தேன். நீங்கல்லாம் கிளி ஊத்துறப்ப நான் பிரியாணி அண்டா பக்கத்துல நின்னுக்கிட்டு இருந்தேன். யாரும் எனக்கு சொல்லவே இல்லியே!"

கோவமா வேற சொல்றாரு. எல்லாரும் சிரிச்சாங்க. நான் சிரிக்கல. கையில ஒரு கிளிய வச்சிக்கிட்டு அப்பிடியே நின்னேன். மண்டையில பளிச்சுனு.

என் புரோகிராம்ல யாவாரிங்க எல்லாம் எங்க வெல கேட்டுக்குறாங்க? ஒரே எடம். அதுக்கு நானே ஆசையா வச்ச பேரு – 'டீக்கடை'. ஏழு ஊரு நியூஸும் அங்க வந்துடும், அத்தன பேரும் ஒரே நேரத்துல கேட்டுட்டு, ஒரே நேரத்துல வண்டி கட்டுவானுங்க. பேட்டையில பொறந்து வளந்தவ வேற எப்படி எழுதுவா!

கிளிக்கூட்டம். நான் பண்ணி வச்சது ஒரு கிளிக்கூட்டம்!!

தட்டு எறக்குறத பாதியில போட்டுட்டு வூட்டுக்கு ஓட்டம். பின்னால அண்ணன் கத்துறது தெருக்கோடி வரைக்கும் கேட்டுது.

ஆகஸ்ட் 30, வியாழன்

கரண்டு போச்சி. உடைஞ்ச அட்டப் பொட்டி மேலயே புரோகிராம் எழுதுனேன், பென்சில்ல. கரண்டு வந்ததும் பொட்டியப் பாத்து டைப் அடிக்கிறேன், அண்ணன் அதத்தான் பேக்கிங்குக்குத் தேடிக்கிட்டு இருக்காரு. "எங்கம்மா அந்தப் பொட்டி?" தெரியாதுன்னு சொல்லிட்டேன்.

மாத்துனது: பெரிய டீக்கடைய மூடியாச்சி. இனிமே ஒரு யாவாரிக்கு தெரிஞ்சது, அவன் கண்ணால பாத்த வெலயும், வழியில எதுர வர்ற வண்டிக்காரன் சொல்றதும்தான். பழைய நியூஸா இருந்தா நம்பிக்க கொறையும். ஆளுக்கு ஒரு கொணமும் வச்சேன். ஆறுமுகம்னு ஒருத்தன், எதச் சொன்னாலும் நம்பிடுவான், உடனே வண்டி கட்டுவான். காதர்னு ஒருத்தன், ரெண்டு பேரு சொன்னாத்தான் அசைவான். லாரிக்காரன்னு ஒருத்தன், வேப்பூர் ரோட்டுல போற லாரி மாதிரி எங்கயும் நிக்காம பறப்பான். (சம்பந்தப்பட்டவங்களுக்குத் தெரியாது. தெரியவும் வேணாம்.)

சாயந்திரம் ஓட விட்டேன்.

ஐயோ எவ்ளோ அழகா இருக்குது! ஒருத்தன் கெழக்க, ஒருத்தன் மேக்க. ஆறுமுகம் என்னைக்கோ கேட்ட நியூஸ நம்பி நெல்லு கொண்டுபோயி ஏமாந்து, பக்கத்து ஊருக்கு நடையக் கட்டுறான். அவன்கிட்ட கேட்டு லாரிக்காரன் வேற பக்கம் திரும்புறான். உப்பளத்துல ஒரு வெல, ஒரு ஊரு தள்ளி ஒரு வெல. எங்க போனா இலாபம்னு எனக்கே தெரியல! எழுதுனவளுக்கே தெரியலன்னா அதத்தான சந்தைன்றது?

அப்புறம் அது நடந்துது. காதர் வண்டி, யாரோ ரெண்டு பேரு சொன்னத நம்பி, கருவாட்ட ஏத்திக்கிட்டு கள்ளிமேட்டுக்கு வந்து நின்னுது. கொளத்தங்கரையில நொண்டி நாயி கொலைச்சிது. நான்தான் அந்த வரிய எழுதுனேன், 'அன்னிய வண்டி வந்தால் நாய் குரைக்கும்'னு. இத்தினி நாள்ல அது கொலைச்சி இன்னைக்குத்தான் பாத்தேன். கண்ணுல தண்ணி வந்துடிச்சி.

"ஒரு கருவாட்டு வண்டிக்கா இந்த அழுவ அழுவுற?" – அண்ணி. அவங்க கண்ணும் ஒரு மாதிரிதான் இருந்துது. வெங்காயம்னு சொல்லிக்கிட்டாங்க.

வண்டி பின்னாடியே ஒரு நெஜ ஆளும் வந்தான். பேரு மின்னல்_சேகர். பானைக்காரிகிட்ட வெல கேட்டான். சொன்னா. அவ்ளோதான், போய்ட்டான். அவ அதுக்கு மேல ஒரு வார்த்த கூட பேசல. வண்டிங்கள மனுசனாக்கிட்டேன், கடையில நிக்கிறவ இன்னும் பொம்மையாவே இருக்கா.

ஆகஸ்ட் 31, வெள்ளி

வெயிலு. அண்ணனோட சண்ட. "நீ அங்க பொம்மைக்குப் பேச கத்துக் குடுக்குற, இங்க நெஜ பொம்மை பேக் ஆவாம கெடக்குது." நாயம்தான். மத்தியானம் வரைக்கும் வாயத் தொறக்காம பேக் பண்ணேன்.

ரயில்வே கேட்டு சாத்துனா வேப்பூர் பஸ்ஸு எங்க ஷெட்டு வாசல்ல நிக்கும். அண்ணிக்கு அதுதான் சந்தை. வாசல்ல ஒரு டேபுள், அதுல சில்லு போனது, விரிசல் வுட்டது. இன்னைக்கு பக்கத்துல குந்திக்கிட்டு நல்லா கவனிச்சேன். பஸ்ஸுலேருந்து ஒரு அம்மா எறங்குனாங்க, கையில ஒரு புள்ள.

"இந்தச் செட்டியாருக்கு மூக்கே இல்லியே. கொறைச்சிக் குடு."

"மூக்கு இல்லாதவருக்கு சளி புடிக்காதுங்க. நல்ல செட்டியாரு. அதே வெலதான்."

அந்தம்மா போற மாதிரி போயிட்டுத் திரும்பி வந்தாங்க.

"இப்ப வெல ஏறிடிச்சிங்க," அண்ணி சிரிக்காம சொல்றாங்க. "நீங்க போயிட்டு வர்ற நேரத்துல செட்டியாருக்கு கிராக்கி ஆயிடிச்சி."

அந்தம்மாவுக்குக் கோவம், சிரிப்பு ரெண்டும். மறுபடி போனாங்க, மறுபடி வந்தாங்க. பஸ்ஸுக்காரன் ஹாரன் அடிக்கிறான். அண்ணி மொதல்ல சொன்ன வெலக்கே வந்து, பேப்பர்ல சுத்தி, அப்புறம் டேபுளுக்குக் கீழ கைய வுட்டு ஒரு கிளிய எடுத்து அந்தப் புள்ள கையில வச்சாங்க.

"இந்தாம்மா, கொசுறு."

அந்தம்மா மூஞ்சியப் பாக்கணுமே! முழு வெல குடுத்தவங்க, என்னமோ அண்ணிய ஜெயிச்சிட்ட மாதிரி பஸ்ஸுல ஏறுறாங்க. ஜன்னல்லேருந்து கையாட்டுறாங்க.

"அண்ணி, கிளிய சும்மா குடுக்குறீங்க?"

"வச்சிக்கிட்டு இன்னா, ஜோசியம் பாக்கப் போறமா?"

அடுத்த பஸ்ஸுக்கும் அதேதான். சாயந்திரத்துக்குள்ள செகண்ட்ஸ் டேபுளே காலி. கொசுறு கெடைக்குதுன்னு தெரிஞ்சி ஆளுங்க எறங்கி வராங்க. அண்ணன் மூஞ்சியில ரெண்டு நாளைக்கு அப்புறம் சிரிப்பு. அந்தச் சிரிப்பு இருக்கும்போதே, சண்டையில புடுங்கி வச்சிருந்த கம்ப்யூட்டர் ரூம் சாவிய வாங்கிட்டேன்.

பானைக்காரிக்கு எழுதுனது: வந்த ஆளு பேர நெனப்புல வச்சிக்குவா. வாங்காம போயிட்டு வந்தா கொஞ்சம் ஏத்துவா, நக்கலா ஒரு பேச்சு பேசுவா (அண்ணி பேசுனதையெல்லாம் அப்பிடியே போட்டேன்). மறுபடி வந்தா மொத வெலக்கு எறங்குவா. வாங்கிட்டா கொசுறா ஒரு மண்ணு கிளி.

கேமுல கிளியால ஒரு பிரயோஜனமும் கெடையாது. விக்க முடியாது. சும்மா வச்சிக்கலாம்.

செப்டம்பர் 1, சனி

மழ!! காலையில புடிச்சது மத்தியானம்தான் வுட்டுது. மண்ணு காயல, அண்ணன் பொலம்பல். எனக்கு எது பெய்ஞ்சாலும் சந்தோசம்.

கள்ளிமேட்டுல ஆளுங்க. நெஜ ஆளுங்க! கேமு உள்ள அவங்க பேசிக்கிட்டது:

"கள்ளிமேட்டுக்காரி என்ன சளி புடிச்சவன்னு சொல்லிட்டாடா."
"ஜாடி வெலய ஏத்திட்டா, பாவி."
"அவகிட்ட கிளி வாங்குனியா? நான் வாங்கிட்டேனே."
"காதர் வண்டி பின்னாடி போ, அவன் போற எடத்துல ஏதாவது இருக்கும்."

மின்னல்_சேகர் திரும்ப வந்தான். சல்லிசா ஒரு சட்டி வாங்கி ஒரு கிளி, இன்னொரு சட்டி, இன்னொரு கிளி. கையில பத்து பன்னெண்டு கிளி சேத்துட்டான், திருட்டுப் பய. அண்ணிகிட்ட கேட்டேன், இப்பிடி ஒருத்தன் வந்தா இன்னா பண்ணுவீங்க? "கொசுறுன்றது நானா பாத்துக் குடுக்குறதுடி. கேட்டா கெடைக்காது, எதிர்பாத்து வந்தாலும் கெடைக்காது." எழுதியாச்சி. பேரம் பேசி அலைஞ்சவங்களுக்குத்தான் கிளி, அதுவும் ஆளுக்கு ஒண்ணு. சேகரு அடுத்த சட்டி வாங்கிட்டு கொஞ்ச நேரம் காத்துக்கிட்டு நின்னான். ஒண்ணும் கெடைக்கல. ஹி ஹி.

ரா. சார் மெயிலு: "நாளைக்கு நானே வேற பேருல உள்ள வருவேன். எந்தப் பேருன்னு சொல்ல மாட்டேன். பாத்துட்டு முடிவு."

நாளைக்கு பகல் பூரா கம்ப்யூட்டர் முன்னாடிதான். எதுனா கோளாறு ஆனா உடனே கை வைக்கணும்.

செப்டம்பர் 2, ஞாயிறு

காலை. போன் செத்துக் கெடக்குது. தெருமுனையில பைப்புக்குப் பள்ளம் தோண்டுனவங்க கேபிள அறுத்துட்டாங்களாம். போன் இல்லன்னா பிராட்பேண்டும் இல்ல. இன்னைக்கா!! ஞாயித்துக்கிழமை, யாரும் வந்து பாக்க மாட்டாங்க. பஸ் ஸ்டாண்டாண்ட இருக்கிற பிரவுசிங் சென்டருக்கு ஓடலாம்னா அண்ணன் வாசல்லயே நிக்கிறாரு. ரெண்டாவது ஈடா வேக வச்ச சரக்க சூளையிலேருந்து பிரிக்கணும், கை பத்தாது. புதன்கிழமை பாதியில போட்டுட்டு ஓடுனதுக்கு இன்னைக்கு ஓட முடியாது.

சாயந்திரம். நாள் பூரா சூளையிலதான். தட்டு எறக்குறப்ப ஒவ்வொண்ணையும் பாத்து, இந்நேரம் அவரு வந்திருப்பாரு, இந்நேரம் பானைக்காரி ஒளறியிருப்பா, இந்நேரம் ஊரையே எடுத்திருப்பாரு... ரெண்டு தடவ கையச் சுட்டுக்கிட்டேன். முடிஞ்சதும் கை கழுவாம பிரவுசிங் சென்டரு. மெயில் இருந்துது. அப்பிடியே எழுதிக்கிட்டு வந்தேன்:

"வசந்தி, நீ பண்ணது சரியில்ல. நான் வருவேன்னு தெரிஞ்சி பானைக்காரி வேஷத்துல நீயே ஒக்காந்துக்கிட்டே. ஜாடி கேட்டேன், நக்கல் பண்ணே. போயிட்டு வந்தேன், வெலய ஏத்துனே. கோவத்துல எண்ணெயூர் போனேன். அங்க இருந்த ஜாடிய எல்லாம் காதர்னு ஒரு வண்டிக்காரன் ஏத்திக்கிட்டு போயிட்டானாம். திரும்ப ஓடியாந்து நீ மொதல்ல சொன்ன வெலக்கே வாங்குனேன். அப்புறம் கொசுறுன்னு கையில கிளிய வச்சே. நல்லாத்தான் இருந்துது, ஆனா நாம பேசுனது கம்ப்யூட்டர் யாவாரிய பத்தி. மனுசி ஒக்காந்தா அது டெஸ்ட்டு இல்ல, ஏமாத்து. கள்ளிமேட்ட எடுக்குறேன். மன்னிச்சிக்க."

கீபோர்டு பூரா வெள்ள வெள்ளயா சூளைத் தூசி. கடைக்காரரு மொறைக்கிறாரு. சாட்டுல அவரு இருந்தாரு. அடிச்சேன்:

"சார் அது நான் இல்ல. எங்க தெருவுல காலையிலேருந்து போனே கெடையாது. நான் சூளை பிரிச்சிக்கிட்டு இருந்தேன். சர்வர்ல பாருங்க சார், இன்னைக்கு நான் உள்ளயே வரல."

பக்கத்து சீட்டுல ஒருத்தரு துபாய்ல இருக்கிற மச்சான்கிட்ட கத்திப் பேசிக்கிட்டு இருக்காரு. கடைக்காரரு "டைம் முடிஞ்சிதும்மா"ன்றாரு. இன்னும் ஒரு அரை மணிக்கு காசு குடுத்தேன். அப்புறம்:

"பாத்தேன். நீ வரல."

அப்புறம்: "அப்ப நான் இவ்ளோ நேரம் சண்ட போட்டது பொம்மை கூடயா?"

அப்புறம்: "கள்ளிமேடு இருக்கட்டும். யாவாரிங்களும் இருக்கட்டும். எல்லாம் இருக்கட்டும்."

அப்புறம்: "யாரு அந்தப் பொம்பள?"

எங்க அண்ணி சார்னு அடிச்சிட்டு ரோட்டுல ஓட்டமா ஓடியாந்தேன், மூச்சு வாங்க. அண்ணி வாசல்ல டேபுள மடக்கிக்கிட்டு இருந்தாங்க. கட்டிப் புடிச்சிக்கிட்டு எல்லாத்தையும் கொட்டுனேன், ஊரு பொழைச்சிது, நீங்கதான் காப்பாத்துனீங்க, சிங்கப்பூர்க்காரரு உங்ககிட்ட தோத்துட்டாரு, முழு வெல குடுத்து வாங்கிட்டு கிளியோட போனாருன்னு.

நிதானமா கேட்டுக்கிட்டாங்க.

"ஒரு கிளிதான் குடுத்தியா? இங்க இன்னும் ரெண்டு பொட்டி கெடக்குதேடி."